மேலை நிண்டு பார்க்கிறவன்

தம்பி,

சுகமாயிருக்கிறம் எண்டு எழுதினால் பொய். சுகமில்லை எண்டு எழுதினால் ஆர் செத்ததோ எண்டு நீ சைக்கிளிலை விழுந்தடிச்சு வருவாய், பிறகு ஏமாத்திக் கூப்பிட்டதெண்டு அதுக்கும் ஒரு கோவம் வரும். அதாலை உள்ளதை எழுதுறன். மாடு கண்டு போட்டிட்டுது. புகையிலை முழங்காலுக்கு மேலை வந்திட்டுது. கொம்மா என்னோடை கதைக்கிறதைக் குறைச்சுப்போட்டாள். கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த வீட்டிலை இவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை. அனுபவிக்கத்தான் ஏலாமல் கிடக்கு.

உனக்கு நான் கடிதம் எழுதுறதே ஒரு பகிடி. காலமை தண்ணி இறைக்கக் கிணத்தடித் துலாவிலை ஏறினால், சந்திக்கு அங்காலை உன்ரை கூடாரத்தின்ரை வெள்ளைச் சீலை தெரியுது. காத்து இந்தப் பக்கம் அடிச்சால் உன்ரை கூலியாக்கள் கல்லுடைக்கிற சத்தமும் கேக்குது. இவ்வளவு கிட்டடியிலை இருந்துகொண்டு, தை பிறந்ததிலையிருந்து நீ எங்கடை படலையைத் திறக்கேல்லை. மலாயாவுக்குப் போன பெடியள் உன்னைவிட அடிக்கடி வருகினம். நானும் ஒருநாள் உன்ரை கூடாரத்து வாசல் மட்டும் வந்து, உள்ளுக்குள்ளை நீ தலையைக் குனிஞ்சுகொண்டு இருக்கிறதைக் கண்டு, கூப்பிடாமல் திரும்பினனான். வாய் இருக்கிறவனுக்கு வாய் அடைச்சால் கைதான் மிச்சம். என்ரை கையெழுத்து உனக்குத் தெரியும். மிசன் பள்ளிக்கூடத்திலை மூண்டாம் வகுப்பிலை இருந்தவனை, தோட்டத்துக்குத் தண்ணி மாற ஆள் இல்லையெண்டு என்ரை அப்பு காதிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தவர். பிழை கண்டால் சிரிச்சுப்போட்டு விடு. சிவப்பு மையாலை கோடு கீறாதை. நீ கீறின கோடெல்லாம் இப்ப எங்களுக்குப் போதும்.

நீ ஓவசியர் ஆயிட்டாய் எண்ட சேதி வந்த அண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ? கொம்மா ஒழுங்கை முழுக்கச் சொல்லி முடிச்சுப்போட்டுத்தான் வந்து என்னட்டைக் கேட்டவள், “உது என்ன உத்தியோகம்?” எண்டு. எனக்கென்ன தெரியும். இங்கிலீசு படிப்பிக்கிற வாத்தியார் சைக்கிளிலை போனவர், மறிச்சுக் கேட்டன். அவர் காலை ஊண்டி நிண்டு வகுப்பு எடுத்தார். “ஓவர் எண்டால் மேலை. சீ எண்டால் பார். ரெண்டையும் ஒட்டி, ஆளைக் குறிக்கப் பின்னாலை ஒரு வாலும் வைச்சால் ஓவசியர். மேலை நிண்டு பார்க்கிறவர்.”

“பார்த்து என்ன செய்வார் வாத்தியார்?”

“வேலை செய்யிறவை ஒழுங்காச் செய்யினமோ எண்டு பார்ப்பார்.”

“தான் செய்யமாட்டாரோ?”

“இல்லை. பார்க்கிறதுதான் வேலை.”

“அப்ப கங்காணி எண்டு சொல்லுங்கோவன்.”

வாத்தியார் சிரிச்சார். படலைக்குப் பின்னாலை நிண்ட கொம்மா சிரிக்கேல்லை. “கங்காணி தேயிலைத் தோட்டத்திலை. என்ரை பிள்ளை ஓவசியர், தொப்பி போடுறவன்” எண்டு சொல்லிப்போட்டுப் போனவள், அண்டு மத்தியானம் எனக்குச் சோத்துக்கு மேலை சொதி விடேல்லை. நானும் கேக்கேல்லை. பார்த்துக்கொண்டிருந்தன். பார்க்கிறதும் ஒரு உத்தியோகம் எண்டு அப்பதானே படிச்சிருந்தனான்.

அதுக்குப் பிறகு அந்தச் சொல்லு எங்கடை வீட்டிலை ஒரு ஆளாட்டம் வந்து குந்தியிட்டுது. கொம்மாவுக்குப் பேர் போச்சு, ஓவசியற்றை தாய் ஆனாள். நான் ஓவசியற்றை தேப்பன். வேலி பிரிச்சு மேயிற எங்கடை நாம்பனைக்கூட “ஓவசியற்றை மாடு” எண்டு மரியாதையாத்தான் கலைச்சுவிட்டினம். சந்தையிலை கத்தரிக்காயைப் பரப்பினால், “ஓவசியர் வீட்டுக் கத்தரிக்காய், புழு இருக்காது” எண்டு ஒருத்தர் சொல்ல, மற்றவர், “புழு இருந்தாலும் அது இங்கிலீசு கதைக்கும்” எண்டார். எல்லாரும் அந்தச் சொல்லின்ரை முன்பாதியைத்தான் பிடிச்சவை, தம்பி. மேலை, மேலை எண்டு. பின்பாதி வெறும் பார்வை எண்டதை ஒருத்தரும் யோசிக்கேல்லை. ஓவசியர் நினைச்சால் றோட்டு வளையும், ஓவசியர் நினைச்சால் மதகு வரும் எண்டு ஊரே நம்பிச்சுது. நானும் ஊரிலைதானே இருக்கிறன்.

எனக்கு மட்டும் அது வடிவா விளங்கியிருக்கவேணும். ஏனெண்டால் நானும் மேலை நிண்டு பார்க்கிறவன்தான். மீசை முளைக்கிறதுக்கு முந்தியே துலா மிதிக்கத் தொடங்கினவன். எங்கடை ஊரிலை வேலி எண்டால் ஆள் உயரத்துக்கு மேலை; பனையோலை வரிஞ்சு கட்டினால் அடுத்த வளவிலை என்ன சமைக்கினம் எண்டு மணத்தாலைதான் அறியலாம். துலா மிதிக்கிறவனுக்கு மட்டும் அந்த வேலி இல்லை. தண்ணிப் பட்டையை இறக்கி ஏத்த அந்த மரத்திலை முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க நடக்க, நாலு வளவும் உள்ளங்கையிலை மாதிரி விரிஞ்சு கிடக்கும். அதுக்காகத்தான் ஏற முந்தி, “துலா ஏறுறன்!” எண்டு குரல் குடுக்கிறது. கிணத்தடியிலை பெண்பிரசுகள் குளிச்சால் ஒதுங்கட்டும் எண்டு. அங்காலையிருந்து, “ஓம், ஏறு” எண்டு மறுகுரல் வந்தால்தான் காலைத் தூக்கி வைக்கலாம். மேலை நிண்டு கண்டதைக் கீழை இறங்கிக் கதைக்கவும் கூடாது. ஆர் புருசனோடை சண்டை, ஆர் வீட்டிலை ரெண்டுநாள் அடுப்பு எரியேல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். பகிடி விடுறதிலை நான் பொல்லாதவன் எண்டு ஊர் சொல்லும். ஆனால் துலாவிலை கண்ட ஒண்டை வைச்சு நான் ஒருநாளும் பகிடி விட்டதில்லை. என்ரை சொத்தெண்டு சொன்னால் அது ஒண்டுதான்.

மேலை நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும், ஒண்டும் செய்ய ஏலாது. இதை நான் கண்ட நாளை உனக்கு முந்திச் சொன்னனானோ தெரியாது. உன்ரை மாமி, என்ரை தங்கச்சி, சொல்லியிருக்கமாட்டாள். அப்ப உனக்கு நாலைஞ்சு வயசிருக்கும். நான் துலாவிலை, கொம்மா கீழை கிணத்துக்கட்டிலை பட்டை பிடிக்கிறாள். நிறைஞ்ச பட்டை பாதிக் கிணறு ஏறியிட்டுது. அந்த நேரம் பார்த்து, வேலிக்கு அங்காலை மாமியின்ரை கிணத்துக்கட்டிலை நீ ஆமை பார்க்கக் குப்புறப் படுத்திருக்கிறதைக் காணுறன். கூப்பிட வாயைத் திறக்கிறன், நீ இல்லை. நான் குதிச்சிருக்கலாம் எண்டு இண்டைக்கும் கொம்மா நித்திரையிலை சொல்லுவாள். குதிச்சால் என்ரை பாரம் துலாவிலை இல்லை; பட்டை கல்லுப்போலை கீழை போகும், கொடிக் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற கொம்மாவும் அதோடை போவாள். அதாலை நான் நடந்தன், தம்பி. பிள்ளை கிணத்துக்கை கிடக்க, துலாவிலை பையப் பைய நடந்து பட்டையை இறக்கினவன் நான். வாய் மட்டும்தான் ஓடிச்சுது. “தங்கச்சி! பிள்ளை கிணத்துக்கை!” எண்டு கத்தினன்.

மாமி கையிலை இருந்த தன்ரை கைக்குழந்தை பூரணத்தை மண்ணிலை போட்டுட்டுக் கொடியைப் பிடிச்சுச் சறுக்கினவள். பாதியிலை கை வழுகிக் கல்லிலை அடிபட்டு, முழங்கைக்குக் கீழை முறிஞ்சுபோச்சு. முறிஞ்ச கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, மற்றக் கையாலை உன்னைத் தலைக்கு மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, ஆக்கள் வந்து இறங்கும் மட்டும் கழுத்தளவு தண்ணியிலை நிண்டாள். முறிவு வைத்தியர் கட்டின கட்டு கோணலாத்தான் பொருந்திச்சுது. அந்தக் கையாலை அவளுக்கு இண்டைக்கும் ஒண்டையும் இறுக்கிக் கட்ட ஏலாது. தலைமுடி முடியவும் பூரணம்தான் வேணும். நீ கிணத்துக்கையிருந்து வெளியிலை வந்ததும் முதல் கேட்டது, “ஆமை எங்கை?”

அந்தக் கிணறுதான், தம்பி, புது றோட்டுக்கு நீ அடிச்ச வெள்ளை முளைக்கு உள்ளுக்கை வந்திருக்கு.

முளை அடிச்ச அண்டு பின்னேரம் மாமி வேலிப் பொட்டாலை வந்தவள். அவள் கலியாணம் கட்டி அந்த வளவுக்குப் போன நாள் தொடக்கம் ரெண்டு வீட்டுக்கும் நடு வேலியிலை ஆள் நுழையிற அளவுக்கு இருந்த பொட்டு அது. கறிச்சட்டி போய்வந்து, நெருப்பெடுக்கப் போய்வந்து, நீயும் பூரணமும் தவண்டு, பிறகு ஓடி, பிறகு வெக்கப்பட்டுக் குனிஞ்சு போய்வந்த வழி. “அண்ணை, உன்ரை மோனிட்டைச் சொல்லு. றோட்டு ஒரு முழம் அங்காலை தள்ளினால் ஆருக்கு என்ன குறை? பூரணத்துக்கு நான் குடுக்க வைச்சிருக்கிறது அந்தத் தோட்டக்காணி ஒண்டுதான். கிணறில்லாத காணி, கண்ணில்லாத முகம்” எண்டாள். அவள் ஆருக்குக் குடுக்க வைச்சிருக்கிறாள் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் பெரிய ஆள் மாதிரி, “நீ போய் அடுப்பைப் பார். ஓவசியற்றை தேப்பன் நான் சொல்லுறன், முளை நாளைக்கு நடக்கும்” எண்டு சொல்லி அனுப்பினன்.

அடுத்தநாள் உன்ரை கூடாரத்திலை நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுறன், நான் வேறைமாதிரிச் சொல்லித் திரியுறன் எண்டு நீ நினைக்கக்கூடாது. நீ பீங்கான் கோப்பையிலை தேத்தண்ணி தந்தாய். நான் கேட்டதுக்கு நீ சொன்னாய், “அப்பு, கோடு கீறினது கந்தோரிலை இஞ்சினியர் துரை. அவர் இந்த ஊரைக் கண்ணாலையும் காணேல்லை. நான் எழுதிக் கேட்டும் பார்த்திட்டன், ஏலாது எண்டு மறுமொழி வந்திட்டுது. எனக்குப் பார்க்க மட்டும்தான் அதிகாரம்.”

“பார்க்கிறதுக்கு ஏன் மோனை தொப்பி?” எண்டன் நான்.

நீ சிரிக்கேல்லை. நானும் விடேல்லை. “அப்ப முளையைப் பிடுங்கேக்கை மற்றப் பக்கம் பார், நான் பிடுங்குறன்” எண்டன்.

“நான் வேலையை விட்டிட்டு வாறன் அப்பு, இப்பவே வாறன். அடுத்த கிழமை வேறை ஓவசியர் வந்து இதே முளையிலை கல்லுக் கொட்டுவான். அவனிட்டை நீங்கள் தேத்தண்ணியும் குடிக்க ஏலாது” எண்டு நீ சொன்னாய். எனக்கு அந்த நேரம் நல்ல பகிடி ஒண்டும் வரேல்லை. கோப்பையைத் திருப்பித் தந்துபோட்டு வந்திட்டன்.

அதுக்குப் பிறகு நீ வரேல்லை, கதை மட்டும் வந்திது. உடுவிலிலை இங்கிலீசு படிச்ச பெட்டை ஒண்டு இருக்கெண்டு தரகர் எங்கடை படலையிலை வந்து நிண்டது உண்மை. நான் அவரை வாழைக்குலை விலை கேட்டே களைக்கப்பண்ணி அனுப்பினதும் உண்மை. ஆனால் அவர் வந்ததை ஒழுங்கை கண்டிட்டுது. “ஓவசியர் ஆனபிறகு மச்சாளைக் கட்டுவானோ? கிணத்தைத் தூர்த்தால் சீதனம் போச்சு, சீதனம் போனால் கலியாணம் போச்சு. கெட்டிக்காரன், பழி துரையிலை” எண்டு ஆரோ சொல்லி, அது நாலு வாய் மாறி மாமியின்ரை காதுக்குப் போச்சு. நீ ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டியிருந்தால் அந்தக் கதை படலையிலையே செத்திருக்கும். வராதபடியாலை அதுக்கு உயிர் வந்திட்டுது. அண்டு பின்னேரமே மாமி பொட்டை அடைச்சாள். பூரணம் உதவிக்கு வர, “நீ தொடாதை” எண்டு கலைச்சுப்போட்டு, தன்ரை கையாலை பனமட்டையும் முள்ளும் வைச்சுக் கட்டினாள்.

எங்கடை சனத்துக்குள்ளை பொட்டு அடைச்சால் என்ன கருத்தெண்டு உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. அடைச்சவை திறக்கும் மட்டும் மற்றப் பக்கத்தார் தொடக்கூடாது. நான் ஒழுங்கையைச் சுத்தி, வழிப்போக்கன் மாதிரி அவளின்ரை படலையாலை போனன். கூடப்பிறந்தவளின்ரை வீட்டிலை நான் எப்பவும் குசினிக்குந்திலை இருக்கிறவன். அண்டு எனக்குக் கதிரை போட்டாள், தம்பி. எனக்குக் கதிரை! துடைச்சுவேறை போட்டாள். “எங்கடை கிணத்திலை பங்கு எடு, வேலிக்குக் கீழாலை வாய்க்கால் வெட்டுவம்” எண்டன். “தண்ணி பிச்சை எடுக்கிற அளவுக்கு வரேல்லை” எண்டாள். “நட்டஈடு தருவினம்” எண்டன். “அதை அள்ளித் தலையிலை வாக்கேலுமோ?” எண்டாள். அந்தக் கதிரையிலை நான் எவ்வளவு நேரம் இருந்தனோ தெரியாது. எழும்பிப் போறதுக்கு எனக்கு வழி தெரியேல்லை.

இப்ப கிணறு தூர்த்த அண்டு நடந்ததைச் சொல்லவேணும். அண்டும் எங்களுக்கு இறைப்பு முறை. நான் “துலா ஏறுறன்!” எண்டு கூப்பிட்டன். மாமியின்ரை மறுகுரல் பொட்டு அடைச்ச நாளோடை நிண்டுபோச்சு. அதுக்குப் பதிலா பூரணம் வாளியிலை ஒருதரம் தட்டுவாள். அண்டும் தட்டினாள், ஏறினன். கல்லு வண்டில் வந்து நிண்டுது. ஊரே ஒழுங்கையிலை நிண்டு கிணத்தைத்தான் பார்த்துது. கிணறு தூர்க்கிறதெண்டால் எங்கடை சனத்துக்கு ஒரு சாவீடுதானே. மாமி உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திப்போட்டாள். நான் மட்டும்தான், தம்பி, உன்னைப் பார்த்தன். முதல் கல்லு விழ முந்தி நீ தொப்பியைக் கழட்டினாய். பிறகு கிணத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு வேலிக் கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். உன்ரை தோள் ஆடினது எனக்குத் தெரிஞ்சுது. பார்க்கிறதுக்கெண்டே சம்பளம் வாங்கிறவன் பார்க்க ஏலாமல் நிண்டான். நானோ, கொம்மா கீழை பட்டையோடை நிக்க, நடந்துகொண்டிருந்தன். முன்னுக்கும் பின்னுக்கும். அண்டைக்கும் இறங்க ஏலாது. எத்தினை தரம்தான் ஒருத்தன் தன்ரை பிள்ளையை மேலை நிண்டு பார்க்கிறது?

வளவுக்குள்ளை அந்த நேரம் பூரணம் என்ன செய்தவள் எண்டதையும் கண்டனான். சொல்லமாட்டன். அது வேலிக்கு உள்ளுக்கை நடந்தது. வேணுமெண்டால் நீயே வந்து அவளிட்டைக் கேள். அவள் சிவந்தால் நான் பொறுப்பில்லை.

நீ நிண்ட நிலையைத் தங்கச்சியிட்டைச் சொன்னால் எல்லாம் தீரும் எண்டு கொம்மா சொல்லுறாள். சொல்லாததுக்குத்தான் அவள் என்னோடை கதையைக் குறைச்சது. நான் வாய் திறந்தால், இவ்வளவு காலமும் வேலிக்கு மேலாலை பார்த்ததையெல்லாம் இவன் எங்கெங்கை சொன்னானோ எண்டு ஒவ்வொரு வீடும் யோசிக்கும். நாளைக்கு என்ரை கூப்பாட்டுக்கு ஆர் “ஏறு” எண்டு மறுகுரல் தருவினம்? சரி, அதையும் விட்டுச் சொல்லுவம் எண்டு ஒருநாள் வெளிக்கிட்டும் போனனான். தங்கச்சியின்ரை படலையிலை நிக்கவே விளங்கிப்போச்சு. தேப்பன் மகனுக்குச் சாட்சி சொல்லுறான் எண்டுதான் அவள் கேப்பாள். ஒருத்தன் அழுததை இன்னொருத்தன் போய்ச் சொன்னால் அது வெறும் சேதி. எனக்கு ரெண்டு பக்கமும் ஏலாது, தம்பி. மகனும் என்ரை, தங்கச்சியும் என்ரை.

நான் உன்னட்டைக் கேக்கிறது றோட்டை வளைக்கச் சொல்லி இல்லை. அது முடிஞ்சுது. பூரணத்தைக் கட்டு எண்டும் இந்தக் கடிதத்திலை கேக்கேல்லை. உனக்கு உடுவில் பெட்டையிலை விருப்பமெண்டால் அதையும் வந்து, மாமியின்ரை முகத்துக்கு நேரை சொல்லு. அவள் ஏசுவாள், நீ கேள். உன்ரை வாயாலை ஒரு சொல்லு போகும் மட்டும் அவள் பூரணத்துக்கு வேறை இடம் பார்க்கவும் மாட்டாள், உன்னை நினைக்கவும் மாட்டாள். அந்தப் பிள்ளை நடுவிலை நிண்டு வாளியைத் தட்டிக்கொண்டிருக்கு. இப்ப அங்கை கிணறும் இல்லை, குளிக்கிற ஆக்களும் இல்லை. தண்ணிக்குக் கோயில் கிணத்துக்குப் போகினம். அப்பிடியிருந்தும் நான் காலமையிலை கூப்பிடாமல் ஏறுறதில்லை. அவளும் வெறும் வாளியைத் தட்டாமல் விடுறதில்லை.

வரேக்கை ஒழுங்கையைச் சுத்தி அவையின்ரை படலையாலை போகாதை, உனக்கும் கதிரை போடுவாள். எங்கடை வளவுக்குள்ளாலை வா. பொட்டு அடைச்சுத்தான் கிடக்கு. எனக்கு அதைத் தொட ஏலாது, கொம்மாவுக்கும் ஏலாது. ஆனால் அதைக் கட்டினது மாமியின்ரை அந்தக் கோணல் கை. மேலை மட்டும் ஒருமாதிரி முடிச்சு விழுந்திருக்கு, கீழ்க்கட்டு ஒண்டும் இறுகேல்லை. முந்தி நீ தவண்டு போன அளவுக்கு இடம் கிடக்கு. தொப்பியைக் கழட்டிப்போட்டுக் குனிஞ்சால் போகலாம்.

நாளைக்கும் எங்களுக்கு இறைப்பு. விடியத் துலா ஏறுவன். வழமைபோலை கூப்பிடுவன், பூரணம் தட்டுவாள். அதுக்குப் பிறகு நான் பொட்டுப் பக்கம் பார்க்கமாட்டன், தம்பி. கிழக்கை பார்த்துக்கொண்டு நடப்பன்.

அப்பு